பிரிக்காத எட்டாம் பாடம்

வியாசர்பாடி
26-9-1999, ஞாயிறு

அன்புள்ள குப்பு,

பதினாறாம் நாள் சாயங்காலம் நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். நம் தீனாவின் நினைவுக் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய்.

"எம்புள்ளைக்கு இனிமே யாரு சோறு போடுவாங்க?"

நான் முப்பத்தாறு வருடம் மாநகராட்சிப் பள்ளியில் பாடம் நடத்தியவன். யார் கேள்வி கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிடுகிற பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. கரும்பலகையில் எழுதிய எழுத்தை அழித்துவிட்டால் அது எங்கே போயிற்று என்று யாராவது தேடுவார்களா என்று சொன்னேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னேன். மறுநாள் காலையில் எண்ணூர் பஸ் ஏறி உன் தங்கை பூவம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

நேற்று பூவம்மாவின் வீட்டுக்காரர் பாஸ்கல் வந்தார். மூன்று மாடி ஏறி வந்தவர் உட்காரக்கூட இல்லை. "சார், அக்கா சோறு துன்றதே இல்ல. டீயும் பன்னும்தான். சக்கர மாத்திரைய மட்டும் கரெக்டா போட்டுக்குது. வெறும் வயித்துல அத்த போட்டுகினு இருந்தா ஆள் தாங்குமா?" என்றார். அவர் ஒன்றைப் பெரிதாக்கிச் சொல்கிறவர் இல்லை. அதனால்தான் உடனே இதை எழுதுகிறேன்.

குப்பு, அரிசி களையாமல் ஸ்டவ்வைப் பற்றவைத்து வெறும் பானையை அதன் மேல் வைத்தால் என்ன ஆகும்? பானைதான் வெடிக்கும். மாத்திரை அப்படித்தான். நீ சாப்பிட்டே ஆக வேண்டும்.

இலை விஷயமாகவும் சொல்லிவிடுகிறேன். தீனாவின் படத்துக்கு முன்னால் நீ இலை போட்டுச் சோறு வைத்தாய். நான் அதை எல்லோர் முன்னாலும் மடித்தேன். உன்னைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்று செய்யவில்லை. நாம் விகாரையில் கையை உயர்த்தி, இனி படையல் போட மாட்டோம், திதி கொடுக்க மாட்டோம் என்று சொன்னவர்கள். பௌத்தத்தில் செத்தவருக்குச் சோறு வைப்பது என்று ஒன்று கிடையாது. ஊருக்கு மேடை ஏறிச் சொல்லிவிட்டு நம் வீட்டில் வேறு மாதிரி செய்ய எப்படி முடியும்?

பௌத்தம் பற்றிய பட்டயப் படிப்புக்கான பாடக் கட்டுகள் பல்கலைக்கழகத்திலிருந்து தபாலில் வந்துகொண்டே இருக்கின்றன. டிசம்பரில் பரீட்சை. போன வருடம் சான்றிதழ் படிப்பில் தேறியபோது தீனாதான் அதற்குச் சட்டம் போட்டு மாட்டினான். இந்த விண்ணப்பத்தையும் அவனே நிரப்பினான். "எம்.ஏ. வரிக்கும் போ நைனா, நானும் பின்னாடியே வர்றேன்" என்றான். அதற்காகத்தான் புத்தகத்தைத் திறந்து வைக்கிறேன். ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகிறது.

சாப்பிடு. கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு சாப்பிடு.

ராசையா


எண்ணூர்
4-10-99

தீனா நைனாவுக்கு குப்பம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுத மாட்டேன்.

நான் பட்டினி கிடக்கவில்லை. யார் மேலேயும் கோபித்துக்கொண்டு சாப்பாட்டை விடவில்லை. சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். தட்டில் போட்டதும் அவன் பசியாக இருப்பானே என்று வருகிறது. அது வந்த பிறகு கை வாய்க்கு வரவில்லை. பன் என்றால் அந்த நினைப்பு இல்லை. அவன் பன் சாப்பிட மாட்டான், சோறு துன்னுகிற பிள்ளை.

உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் உதாரணம் சொல்வீர்கள். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். இப்போது பானையை அனுப்பி இருக்கிறீர்கள். என் பிள்ளை கரும்பலகை எழுத்தா? இருபத்து நாலு வயசு. கன்டெய்னர் லாரி அடித்து ரோட்டில் கிடந்தபோது அவன் டிபன் பாக்ஸ் தனியாகக் கிடந்தது. திறக்கவே இல்லை. அன்றைக்கு நான் கட்டிக் கொடுத்தது அப்படியே போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தது. நீங்கள் அதைப் பார்க்கவில்லை. நான்தான் கழுவினேன். பசியோடு போனான் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஏழாம் நாள் நீங்கள் என்ன செய்தீர்கள்? நான் உள்ளே சுருண்டு கிடந்தேன். நீங்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பல்கலைக்கழகக் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதிக்கொண்டு இருந்தீர்கள். மாசக் கடைசிக்குள் அனுப்பணும் என்று சொன்னீர்கள். பேனா கீறுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பதினாறாம் நாள் இலையை நீங்கள் மடித்தபோது என் அண்ணன் சின்னப்பையன், கீழ் வீட்டு ஆளுங்க, விகாரைக்காரங்க எல்லாரும் பார்த்தார்கள். அந்த இலையில் ஒரு பருக்கையும் குறையவில்லை. மடித்துவிட்டு மைக் முன்னால் போய் அநித்தியம் என்று பேசினீர்கள். நல்லா பேசினீர்கள் என்று யாரோ சொன்னார்கள்.

வர வேண்டாம். வந்தால் நான் வெளியே வர மாட்டேன்.

குப்பம்மா


வியாசர்பாடி
13-10-1999

அன்புள்ள குப்பு,

வர வேண்டாம் என்று எழுதியும் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் நின்றேன். பூவம்மா நாற்காலி கொண்டுவந்து போட்டாள். "வோணாம் மாமா, வூட்டுக்குப் போ. அக்கா செவுத்தப் பாத்து படுத்துகினு கீது. உன் குரலு கேட்டா இன்னும் திரும்பிக்குது" என்றாள். உள்ளே நீ இருமியது கேட்டது. அந்த இருமலைக் கேட்டதே போதும் என்று திரும்பினேன். பஸ்ஸில் வரும்போதுதான் தெரிந்தது, போதவில்லை.

டிபன் பாக்ஸ் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நடந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை.

அன்று உன் வாசலுக்கு வருமுன் காலையில் தொடர்பு வகுப்பு இருந்தது. தபாலில் படிப்பவர்களை மாதம் இரண்டு ஞாயிறு கூப்பிட்டு உட்காரவைத்து நடத்துகிறார்களே, அது. எங்கள் வகுப்பில் அமீருதீன் என்று ஒருவர் இருக்கிறார். வண்ணாரப்பேட்டையில் பழைய பேப்பர் கடை. எடைக்கு வந்த கட்டில் புத்தர் பற்றிய ஒரு கிழிந்த புத்தகம் கிடைத்ததாம், மீதிப் பக்கங்களில் என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்ளச் சேர்ந்தவர். டீ குடிக்கும்போது, "பெண்டாட்டி கேக்கறா சார், இந்த வயசுல பெயிலானா கடையில எவன் மதிப்பான்னு. பாஸானா மட்டும் எவன் மதிக்கப் போறான்னேன்" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி என்ன என்று கேட்டார். சொன்னேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்கோ. எங்க அத்தா மவுத்தானப்ப நாப்பதாம் நாள் பாத்திஹா ஓதி தெருவுக்கே சோறு போட்டோம். அவரு வந்து குந்திகினு துன்னாரா? அவரு பேரச் சொல்லி நாலு பேரு துன்னாங்கோ. அம்மா அன்னிக்குதான் தூங்குச்சு" என்றார்.

அது உங்கள் வழக்கம் பாய், எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்று அவரிடம் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் மேடைக் குரலாக இருந்தது. எனக்கே கேட்டது.

இப்போது உனக்கு ஒன்று எழுதுகிறேன். நான் தோற்றுவிட்டேன். நீ வீட்டுக்கு வா. உன் அண்ணனைக் கூப்பிட்டு என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள். இலை போடு, காக்கைக்கு வை, கடலுக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விடு. அன்று நான் காலையிலேயே பெரம்பூர்ப் பக்கம் போய்விடுகிறேன். சாயங்காலம் திரும்புவேன். ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது என்பேன். நீ ஒரு வாய் சாப்பிட்டால் போதும்.

ராசையா


எண்ணூர்
21-10-99

தீனா நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் அழுகை வந்தது. வருத்தத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

நான் பெரம்பூருக்குப் போய்விடுகிறேன், அதற்குள் செய்துகொள் என்கிறீர்கள். நான் என்ன திருட்டு சாராயமா காய்ச்சப் போகிறேன்?

நீங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள். அன்றைக்கு விகாரையில் கையைத் தூக்கியவர் நீங்கள் ஒருத்தர் இல்லை. நானும் தூக்கினேன். தீனாவுக்கு அப்போது ஆறு வயசு, வெள்ளைச் சட்டை போட்டு என் பக்கத்தில் நின்றான். வாத்தியார் பெண்டாட்டி என்பதால் தூக்கியதாக நினைத்துக்கொண்டீர்களா? செத்தாலும் பிழைத்தாலும் அய்யர் கையைப் பார்த்துக் குனிந்து நிற்க வேண்டாம் என்று எனக்கே தோன்றித் தூக்கினேன். அதற்காக என் அம்மா என்னோடு பேச்சை விட்டாள். அவள் செத்தபோது சின்னப்பையன் அண்ணன், "பொட்டப் புள்ள நீயும் ஒரு கை அரிசி போடு" என்று கெஞ்சினான். போடவில்லை. என் வாயால் சொன்னது சொன்னதுதான் என்று நின்றேன். அம்மாவுக்குச் செய்யாததைப் பிள்ளைக்கு மட்டும் செய்தால் அது என்ன நியாயம்?

இலையை ஏன் போட்டாய் என்று கேட்பீர்கள். அதுதான் எனக்கும் தெரியவில்லை. அன்று கை தானாகப் போட்டுவிட்டது. நீங்கள் மடித்ததும் கோபம் வந்தது, கூடவே நான் செய்தது தப்பு என்றும் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு இருக்கிறேன். படையல் போடவும் முடியாது, போடாமல் சாப்பிடவும் முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தி இருக்கிறது. உங்களுக்கு இது புரியவில்லை. அனுமதி கொடுத்தால் முடிந்துவிடும் என்று பார்க்கிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை ரேஷன் கடை வரிசையில் விழுந்துவிட்டேன். பாஸ்கல் ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். டாக்டரம்மா சின்னப் பெண். "இன்னாம்மா, மாத்திரையும் போட்டுக்கற, சாப்பாடும் துன்னல, சாவப் போறியா?" என்று கத்தியது. சாவேன் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

ஒன்று கேட்கிறேன். இரண்டு வருஷமாகப் படிக்கிறீர்கள். நம்மை மாதிரி இருக்கிறவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள், பர்மாவில் இருக்கிறார்கள், அங்கேயும் பிள்ளைகள் சாகிறார்கள். அந்தத் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? உங்கள் பாடத்தில் போட்டிருக்கிறதா? பார்த்து எழுதுங்கள். உதாரணம் வேண்டாம்.

குப்பம்மா


வியாசர்பாடி
31-10-1999, ஞாயிறு

அன்புள்ள குப்பு,

உதாரணம் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே பாடக் கட்டை எடுத்தேன். மொத்தம் பன்னிரண்டு பாடம். ஒவ்வொன்றும் பழுப்பு உறையில், ஓரத்தில் பின் அடித்து வரும். ஏழு வரை பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒன்பதாம் பாடமும் படித்தது. எட்டாம் பாடத்தின் உறையை நான் பிரிக்கவே இல்லை. மேலே தலைப்பு இருந்தது: பௌத்தரின் இல்வாழ்க்கைச் சடங்குகள். இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது, நானே மேடையில் பேசுவதுதானே என்று ஒதுக்கிவிட்டேன். அந்த உறையோடுதான் இரண்டு மாதமாக என் மேசை மேல் கிடந்தது.

பிரிக்கப் பயமாக இருந்தது. கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். அதற்குள் தபால்காரர் வந்தார். ஏழாம் நாள் நான் எழுதி அனுப்பினேனே, அந்த விடைத்தாள் திருத்தப்பட்டுத் திரும்பி வந்திருந்தது. நீ பேனாச் சத்தம் கேட்டதாகச் சொன்ன அதே தாள்.

கேள்வி ஐந்து: இறந்தோர் பொருட்டுப் பௌத்தர் செய்யும் கொடை குறித்து எழுதுக. நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அப்படி ஒரு கொடை பௌத்தத்தில் கிடையாது, அது பிறர் வழக்கம், மூடப் பழக்கம் என்று. எழுத்து அழுத்தி அழுத்தி இருந்தது, தாள் பின்பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் பத்துக்கு ஒன்று. கீழே ஒரு வரி: பாடம் எட்டைப் படிக்காமல் எழுதியிருக்கிறீர்கள்.

எத்தனை ஆயிரம் நோட்டில் நான் இந்த வரியை எழுதியிருப்பேன். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு எப்படி நின்றிருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. உதாரணம் வேண்டாம் என்றாய், மன்னித்துக்கொள்.

அன்றே உறையைக் கிழித்தேன். நீ கேட்டதற்குப் பதில் அதில் இருக்கிறது. அந்த நாடுகளில் ஒருவர் இறந்த ஏழாம் நாளும், மூன்றாம் மாதமும், வருடம் திரும்பும்போதும் அவர் பெயரில் உயிரோடு இருக்கிறவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். பிக்குகளுக்குப் போடுவார்கள், இல்லாதவர்களுக்கும் போடுவார்கள். போட்ட பிறகு வீட்டார் கூடி உட்கார்ந்து ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்தில் தண்ணீர் விடுகிறார்கள். அது நிரம்பி வழியும்வரை விட்டு, இந்த நற்செயலின் பலன் இறந்தவருக்குச் சேரட்டும் என்று அவர் பெயரைச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான வருடமாகச் செய்கிறார்கள். செத்தவருக்குச் சோறு கிடையாது என்று நான் உன்னிடம் சொன்னேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னேன்.

ஆனாலும் எனக்குச் சந்தேகம் விடவில்லை. உன்னைச் சாப்பிட வைக்க வேண்டும் என்ற ஆசையில் எனக்கு வசதியாகப் படிக்கிறேனோ? இன்று வகுப்பில் பாடம் நடத்துகிற சுகிர்தம் அம்மாவைக் கேட்டேன். சிவப்பு மை அவருடையதுதான். முப்பது வயது இருக்கும், கிறிஸ்தவக் குடும்பம், பாலி மொழியில் ஆராய்ச்சி செய்தவர். என் தாளைப் பார்த்ததும், "மார்க்கைப் பத்திக் கேக்க வந்தீங்களா சார்?" என்றார். இல்லை, என் மனைவியைப் பற்றி என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் விட்டது பிண்டத்தை. புரோகிதர் கைக்குக் கீழே நிக்கறதை. இங்க புரோகிதர் இல்லை, பிண்டம் இல்லை. பசிக்கிறவங்களுக்குச் சோறு போடக் கூடாதுன்னு நீங்க உறுதிமொழி எடுத்தீங்களா?"

"இல்லை" என்றேன். "அம்மா, அது அவனுக்குப் போய்ச் சேருமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது பரீட்சைக்கு வராது சார். எனக்குத் தெரியாது."

நான் முப்பத்தாறு வருடத்தில் ஒரு நாளும் வகுப்பில் இப்படிச் சொன்னதில்லை.

நவம்பர் பதினெட்டு மூன்றாம் மாதம். நீ சரி என்றால் வீட்டில் செய்யலாம். நீ வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். அதுவரை கஞ்சியாவது குடி. கெஞ்சுகிறேன்.

ராசையா


பெரியாஸ்பத்திரி, பெண்கள் வார்டு
6-11-99

தீனா நைனாவுக்கு,

இதைப் படுக்கையில் இருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். உங்கள் கடிதம் வந்த மறுநாள் மறுபடி விழுந்தேன். இந்தத் தடவை அனுப்பவில்லை, சேர்த்துக்கொண்டார்கள். காலில் இடித்த இடம் புண்ணாகிவிட்டது. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் புண் ஆறாது என்கிறார்கள்.

நீங்கள் கண்டுபிடித்ததைப் படித்தேன். சந்தோஷப்படுவேன் என்று நினைத்தீர்கள். எனக்கு முதலில் வந்தது என் அம்மா முகம்.

முனியம்மாவுக்கு ஒரு கை அரிசி போடாமல் நின்றேனே, ஒன்பது வருஷம் ஆகிறது. கிடையாது, கிடையாது என்று நீங்கள் சொன்னீர்கள், நான் நம்பினேன். இப்போது இருக்கிறது, நான் உறையைப் பிரிக்கவில்லை என்கிறீர்கள். அம்மா பெயரில் நான் நாலு பேருக்குச் சோறு போட்டிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். உங்கள் தபால் உறையைப் பிரிக்காததற்கு என் அம்மாவும் பிள்ளையும் பசியோடு நிற்பதா? படிக்காமல் பாடம் நடத்தினால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

பக்கத்துக் கட்டிலில் எல்சி என்று ஒருத்தி, ராயபுரம், கருவாடு விற்கிறவள். அவளுக்கும் சர்க்கரை, கால் விரல் ரெண்டு எடுத்துவிட்டார்கள். ஆனால் வாய் குறையவில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரி சோறு வந்தால் நான் அவள் தட்டில் தள்ளிவிடுவேன். "இன்னாக்கா, வர்ற சோத்தையெல்லாம் என் தட்டுலயே கவுக்கற? நர்ஸம்மா பாத்தா நான் புடுங்கித் துன்றேன்னு சொல்லும். எனக்கு இன்னும் எட்டு விரல் கீது, அதையாவது வுட்டு வை" என்றாள். சிரித்துவிட்டேன். அவன் போன பிறகு முதல் தடவை. சிரித்ததும் குற்றமாக இருந்தது, போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

நாளைக்குத் தீபாவளியாம். வெளியே வெடிச் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் லாரி நினைவு வருகிறது.

பதினெட்டாம் தேதி நான் வர முடியாது. விட்டாலும் மூன்று மாடி ஏற முடியாது. நீங்கள் செய்யுங்கள். ஆனால் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டாம். யார் யார் முன்னால் இலையை மடித்தீர்களோ அவர்களை எல்லாம் கூப்பிடுங்கள். அவர்கள் முன்னால் உங்கள் வாயால் சொல்லுங்கள், தெரியாமல் மடித்தேன் என்று. அப்படிச் சொல்ல உங்களால் முடியாது. எனக்கு உங்களைத் தெரியும். முடிந்தால் பிறகு எழுதுங்கள். முடியாவிட்டால் எழுத வேண்டாம், நானும் எழுத மாட்டேன்.

குப்பம்மா


வியாசர்பாடி
19-11-1999

அன்புள்ள குப்பு,

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பாதி முடிந்தது, பாதி முடியவில்லை.

கீழே பிளாக்குகளுக்கு நடுவில் இருக்கிற இடத்தில் பாய் விரித்தேன். அன்று வந்த எல்லோரையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். விகாரைக்காரர்களும் வந்தார்கள். அமீருதீன் பாய் வந்து பாஸ்கலோடு சேர்ந்து அண்டாவைத் தூக்கினார். பூவம்மா சமைத்தாள். உன் அண்ணன் சின்னப்பையன் வரிசையில் கடைசியில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னா வாத்யார் மாப்ள, அன்னிக்கு ஒரு பாடம், இன்னிக்கு ஒரு பாடமா? புக்கு மாத்திட்டாங்களா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். காலையிலிருந்து நான்கு வாக்கியம் தயார் செய்திருந்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "புத்தகம் மாறவில்லை சின்னப்பையா. நான் படிக்கவில்லை. படிக்காமலே என் மகனுக்கு வைத்த இலையை மடித்தேன். குப்பம்மாவிடம் கிடையாது என்று சொன்னேன். இருக்கிறது. நான் செய்தது தப்பு" என்றேன். விகாரைச் செயலாளர் முகம் சுளித்து, "சார், இதெல்லாம் உள்ள நுழைஞ்சா அப்புறம் எங்க போய் நிக்கும்?" என்று கேட்டார். எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். வருத்தம்தான். இருபது வருடப் பழக்கம்.

மற்றவர்கள் சாப்பிட்டார்கள். சின்னப்பையன் இரண்டு முறை சோறு வாங்கினான். கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தான்.

பிறகு தட்டில் டம்ளரை வைத்துச் சொம்பிலிருந்து தண்ணீர் விட்டேன். உன் அம்மா பெயரை முதலில் சொன்னேன். முனியம்மா, இது உங்களுக்குச் சேரட்டும், ஒன்பது வருடம் தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பெயர் வாயில் வந்துவிட்டது. அடுத்து அவன் பெயர். டம்ளர் நிறைந்தது. வழிந்தது. தட்டும் நிறைந்து பாய் நனைந்தது. சொம்பு காலியாகும்வரை விட்டேன். வாய் திறக்கவில்லை குப்பு. எத்தனை பிள்ளைகளின் பெயரை வருகைப் பதிவேட்டில் கூப்பிட்ட வாய். பூவம்மா "சொல்லு மாமா, சொல்லு மாமா" என்றாள். அவன் பெயரைச் சொல்லிவிட்டால் அவன் நிஜமாகவே செத்து, இனி சோறு கொடுத்தனுப்ப வேண்டிய ஆள் ஆகிவிடுவான் என்று தோன்றியது. என்னால் முடியவில்லை. காலி சொம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதனால் அது அவனுக்குச் சேரவில்லை என்றே நினைக்கிறேன். நீ சொன்னபடி எல்லோர் முன்னாலும் தப்பை ஒப்புக்கொண்டேன், அவனுக்குச் சோறு சேர்ப்பதைத்தான் செய்ய முடியவில்லை. இன்று காலை வார்டு வாசல் வரை வந்தேன். பார்வை நேரம் இல்லை என்றார்கள். காலைப் பற்றி டாக்டர் என்ன சொல்கிறார் என்று பாஸ்கல் என்னிடம் மறைக்கப் பார்த்தார், பிறகு சொல்லிவிட்டார். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் கால் தங்காது. கால் போனால் அதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாதாம். என்னிடம் இனி பாடம் ஒன்றும் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது.

நேற்று முழுவதும் நான் ஊரைக் கூட்டிச் செய்த வேலையை நீ அந்தக் கட்டிலில் இரண்டு வாரமாகச் செய்துகொண்டிருக்கிறாய். உன் சோற்றைப் பசிக்கிற ஒருத்திக்குக் கொடுக்கிறாய். பெயர் சொல்லாமல் கொடுக்கிறாய், அவ்வளவுதான் குறை. அவனைப் பெற்றவள் நீ. என் வாயில் வராதது உன் வாயில் வரும். சேருமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியும் என்று இனி உன்னிடம் சொல்ல மாட்டேன்.

இந்தக் கடிதத்தைப் பூவம்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன். நாளை மத்தியானச் சோற்றுக்கு முன்னால் உன்னிடம் வந்துவிடும். சோறு வந்ததும் பாதியை எல்சியின் தட்டில் வை. வைக்கும்போது தீனா என்று வாய்விட்டுச் சொல். மீதிப் பாதியை நீ சாப்பிடு.

ராசையா